புளியறை மண்ணுக்கு ஓர் எண்: மலையடி இருமண்ணும் நில அளவையும்



நிலம் வைத்திருக்கும் வீடு ஒவ்வொன்றிலும் பீரோவுக்குள் ஒரு பழைய கவர் இருக்கும். பத்திரம், பட்டா, சிட்டா, தீர்வை ரசீது எல்லாம் அதற்குள் கிடக்கும். பரப்பு எவ்வளவு, பட்டா யார் பெயரில் என்று மட்டும் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்து வைத்துவிடுவோம். ஆனால் கிராமக் கணக்கில் அ-பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் "மண் வயனமும் ரகமும்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் இரண்டு எண்கள், நடுவில் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான். நான் விசாரித்துப் பார்த்தவரை அது என்ன என்று கேட்டால் பெரும்பாலானோர் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

அந்த இரண்டு எண்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதைச் சொல்ல புளியறையை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் ஊர். தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளம் போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற தமிழ்நாட்டுப் பக்கத்துக் கடைசி ஊர்களில் ஒன்று புளியறை. தட்சிணாமூர்த்தி கோயிலுக்காகப் பலரும் வந்திருப்பீர்கள். அதைத் தாண்டினால் வளைவுகள், பிறகு ஆரியங்காவு. மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுகிறது. அதனால் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது இங்கேயும் அடிக்கும். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் சங்கரன்கோவில் பக்கம் அதே மாதத்தில் புழுதி பறக்கும்.

இந்த மழைதான் மண்ணையும் உண்டாக்கியது. நெல்லைச் சீமைக்காரர்கள் மண்ணை நிறத்தையும் குணத்தையும் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல், அதற்கு அடுத்து செவல், ஒன்றும் விளையாத இடம் பொட்டல், திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரி. புளியறைப் பக்கத்து மலையடி மண் இவற்றில் எதிலும் சரியாக அடங்காது. நிறம் செவல்தான். ஆனால் மேலாக இலையும் தழையும் மக்கிய கருமை இருக்கும். கையில் எடுத்துப் பிசைந்தால் மணல் நெருடும், கூடவே களி ஒட்டும். களியும் மணலும் வண்டலும் ஒன்றையொன்று மிஞ்சாமல் கலந்த இப்படிப்பட்ட மண்ணைத்தான் வேளாண்மைப் புத்தகங்களில் இருமண் என்கிறார்கள். ஆங்கிலத்தில் லோம்.

விவசாயிக்கு இது அருமையான மண். தண்ணீரை உறிஞ்சும், ஆனால் தேக்கி வைத்து வேரை அழுக விடாது. கரிசல் மாதிரி கோடையில் பாளம் பாளமாக வெடிக்காது. தென்னையும் மாவும் நெல்லும் இந்த அடிவாரத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று நிற்பதற்கு மண்ணும் ஒரு காரணம்.

நில அளவைக்காரருக்கு அதே மண் தலைவலி. நம் வகுப்பில் சர்வே பிராக்டிகலில் முக்காலி நிறுத்தியவர்களுக்கு இது புரியும். ஈரமான இருமண்ணில் முக்காலியின் கால் மெல்ல இறங்கும், மட்டக்குமிழி நகரும். கெட்டித் தரையில் நட்ட எல்லைக்கல் நின்ற இடத்தில் நிற்கும். சரிவில் இருக்கும் தளர்ந்த மண்ணோ ஒவ்வொரு மழைக்கும் கண்ணுக்குத் தெரியாமல் கீழே நகர்கிறது. அதோடு கல்லும் சாய்கிறது. சில இடங்களில் மேலிருந்து அடித்து வந்த மண் கல்லையே மூடிவிடுகிறது. "கல்லைக் காணோம்" என்று மலையடி ஊர்களில் கேட்கும் புகார் எல்லாவற்றுக்கும் பக்கத்துக் காட்டுக்காரரே காரணம் என்று சொல்லிவிட முடியாது, மண்ணும் ஒரு திருடன்தான் :-)

இன்னொன்று சரிவு. வரைபடத்தில் போடும் பரப்பு எப்போதும் கிடைமட்டப் பரப்பு. 20 டிகிரி சரிவில் நீங்கள் தரையோடு 100 அடி நடந்தால் வரைபடத்தில் அது சுமார் 94 அடிதான். சங்கிலியைத் தரையோடு படுக்க விடாமல், மட்டமாகப் பிடித்து, படிப்படியாக இறக்கி அளப்பது இதற்காகத்தான். மலையடியில் நிலம் வாங்குகிற ஒருவர் நடந்து அளந்து பார்த்து "பத்திரத்தில் குறைத்துப் போட்டுவிட்டான்" என்று சண்டைக்குப் போனால், தப்பு பத்திரத்தில் இல்லாமலும் இருக்கலாம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

சங்கிலி வருவதற்கு முன் இந்தப் பக்கம் வயலை எப்படி அளந்தார்கள்? விதையால். "ஒரு கோட்டை விதைப்பாடு", "பத்து மரக்கால் விதைப்பாடு" என்று இன்றும் வயதானவர்கள் சொல்லக் கேட்கலாம். ஒரு கோட்டை என்பது 21 மரக்கால். அத்தனை மரக்கால் விதை பிடிக்கும் வயல் அத்தனை விதைப்பாடு. இப்போது நெல்லைப் பக்கம் ஒரு மரக்கால் என்றால் எட்டு சென்ட் என்று வாய்க்கணக்கு சொல்கிறார்கள். ஆனால் அது ஏக்கர் வந்த பிறகு போட்ட சமன்பாடு. விதைப்பாடு தன் இயல்பில் நீளம் அகலம் பார்க்கிற அளவே இல்லை. நல்ல மண்ணுக்கு எவ்வளவு விதை பிடிக்கும், மோசமான மண்ணுக்கு எவ்வளவு என்பது விதைக்கிற கைக்குத் தெரியும். அதாவது மண்ணின் குணம் அந்த அளவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சோழர் காலத்திலேயே கோல் கொண்டு அளந்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். முதலாம் ராஜராஜன் காலத்தில், கி.பி. 1001 வாக்கில், நாடு முழுக்க நிலம் அளக்கப்பட்டது. வேலியின் நம்ப முடியாத அளவு சிறிய பின்னங்கள் வரை கல்வெட்டில் வருகின்றன. ஆனால் அந்தக் கல்வெட்டுகளும் வெறும் பரப்போடு நிற்கவில்லை. நிலத்துக்குத் தரம் குறித்தார்கள். தரம் போடாத நிலத்துக்குத் "தரமிலி" என்று பெயர். "மடக்கு" என்று ஒரு சொல்லும் வருகிறது. தரம் குறைந்த நிலத்தை, தரமான நிலமாக இருந்தால் எவ்வளவுக்கு ஈடாகும் என்று கணக்கிட்டு மடக்கி எழுதுவது. கோல் எடுத்தவர்களும் மண்ணை மறக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி நம் ஊர். இங்கேதான் ஒரு சுவாரசியம். தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் இருந்தன. அதற்கு மிக அருகில் இருக்கும் செங்கோட்டையும் புளியறையும் திருவிதாங்கூர் சமஸ்தானம். ஒரே மலை, ஒரே சாரல், ஏறக்குறைய ஒரே மண், ஆனால் இரண்டு அரசு, இரண்டு கணக்கு. ஒரு பக்கம் கர்ணம், மறுபக்கம் பார்வத்தியக்காரர். ஒரு பக்கம் பசலி ஆண்டு, மறுபக்கம் கொல்லம் ஆண்டு.

முதலில் ஆங்கிலேயர் பக்கம் பார்ப்போம். 1790களில் பாராமகாலில் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு விவசாயியின் நிலத்தையும் தனித்தனியாக அளந்து வரி போடும் வேலையைத் தொடங்கினார்கள். ரயத்துவாரி முறையின் விதை அதுதான். 66 அடிச் சங்கிலியால் அளந்தால் பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதில் நூறில் ஒன்று ஒரு சென்ட், 435.6 சதுர அடி. இந்தக் கணக்கு எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 1620ல் வகுத்த சங்கிலியிலிருந்து வருகிறது. லண்டனில் இருந்த ஒருவர் போட்ட கணக்கில்தான் இன்றைக்கும் புளியறையில் மனை விற்கிறார்கள்!

சங்கிலி ஒரு காரியம் செய்தது. நிலத்திலிருந்து மண்ணைப் பிரித்தது. ஒரு ஏக்கர் கரிசலும் ஒரு ஏக்கர் தேரியும் சங்கிலிக்கு ஒன்றுதான். விதைப்பாட்டில் ஒளிந்திருந்த மண் ஏக்கரில் காணாமல் போய்விட்டது. ஆனால் வரி வாங்க வேண்டுமே, தேரிக்கும் கரிசலுக்கும் ஒரே வரி போட்டால் தேரிக்காரன் ஊரை விட்டு ஓடிவிடுவான். ஆகவே காணாமல் போன மண்ணை வேறு வழியில் திரும்பக் கொண்டு வர வேண்டி வந்தது.

1858ல் சென்னை மாகாணத்தில் நில அளவையும் செட்டில்மெண்டும் முறையாகத் தொடங்கின. அளவைக்காரர்கள் ஒரு பக்கம் சங்கிலி இழுக்க, மண்ணைத் தரம் பிரிக்கும் ஆட்கள் இன்னொரு பக்கம் வயல் வயலாகப் போனார்கள். பார்ப்பது, தோண்டுவது, கையில் பிசைவது. முதலில் மண்ணின் குடும்பம்: கரிசலா, செம்மண்ணா, மணலா, ஆற்று வண்டல் போன்ற விசேஷ மண்ணா. அதற்குள் களி மிகுந்ததா, இருமண்ணா, மணல் மிகுந்ததா. இவை இரண்டும் சேர்ந்ததுதான் "வயனம்". பிறகு அதே வயனத்துக்குள் மிக நல்லது, நல்லது, சாதாரணம், மட்டம், மிக மட்டம் என்று ஐந்து "ரகம்". ஆக அ-பதிவேட்டில் கோட்டுக்கு முன்னால் இருப்பது மண்ணின் சாதி, பின்னால் இருப்பது அந்தச் சாதிக்குள் அதன் மார்க். மார்க் என்றாலும் இங்கே எண் சிறிதாக இருந்தால்தான் நல்லது, நம் ரேங்க் கார்டு மாதிரி.

இதோடு வேலை முடியாது. ஒவ்வொரு மண்ணிலும் அறுவடை செய்து பார்த்து எவ்வளவு தானியம் விளையும் என்று கணக்கிட்டார்கள். பல ஆண்டுகளின் சராசரி விலையால் அதைப் பணமாக்கி, சாகுபடிச் செலவைக் கழித்து, மிச்சத்தில் பாதிக்கு மேல் போகாமல் அரசுக்கு என்று வைத்தார்கள். நன்செய் என்றால் பாசன ஆதாரம் நம்பகமானதா என்பதும் சேரும். எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு "தரம்", அதற்கு ஒரு தீர்வை. பாதி என்பது காகிதத்தில் நியாயமாகத் தெரியும். மழை பொய்த்த ஆண்டில் மிச்சமே இல்லாதபோது பாதிக்கு அர்த்தம் என்ன என்பதுதான் ரயத்துவாரி பற்றி அன்றைக்கே எழுந்த விமர்சனம்.

மண்ணைத் தரம் பிரித்தவர் கையால் பிசைந்துதான் முடிவு செய்தார் என்பதைக் கவனியுங்கள். ரகம் இரண்டா மூன்றா என்பது அந்த ஒரு மனிதரின் கண்ணையும் கையையும் பொறுத்தது. ஒரு வயலின் தீர்வை அதில் தொங்கியது. அவருக்கு மேலே ஒரு அதிகாரி சரிபார்ப்பார் என்றாலும், மலையடி இருமண் போல இரண்டும் கெட்டான் மண்ணில் தகராறுக்கு இடம் அதிகம். ஒரே வயலில் மேல்வரப்பு ஓரம் சரளை, கீழ்வரப்பு ஓரம் மேலிருந்து வழிந்து வந்த கொழுத்த மண். எதை வைத்து எண் போடுவது? வயலுக்கு ஒரே எண்தானே.

இப்போது எல்லையைத் தாண்டி திருவிதாங்கூர் பக்கம். அங்கே பழைய முறைக்குக் கண்டெழுத்து என்று பெயர். கண்டு எழுதுவது, அவ்வளவுதான். மார்த்தாண்ட வர்மா காலத்தில் கொல்லம் ஆண்டு 914ல் (கி.பி. 1739) மல்லன் சங்கரன் என்பவர் நடத்திய கண்டெழுத்து புகழ்பெற்றது. அதன் பிறகும் சில நடந்தன. 1816 முதல் 1820 வரை வார்டு, கான்னர் என்ற இரண்டு ஆங்கிலேய லெப்டினன்டுகள் திருவிதாங்கூர், கொச்சி முழுவதையும் சர்வே செய்து வரைபடமும் குறிப்பும் எழுதினார்கள். ஆனால் அது நாட்டின் சர்வே. வயல் வரப்பு வரை இறங்கியதல்ல.

வயல் வரை இறங்கிய சங்கிலி வந்தது 1883ல். அப்போது திவானாக இருந்த வி. ராமய்யங்கார் சென்னை அரசுப் பணியிலிருந்து வந்தவர், ஆகவே சென்னைப் பாணியும் அவரோடு வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா 1886ல் செட்டில்மெண்ட் பிரகடனம் வெளியிட்டார். வேலை முழுதாக முடிய 1911 ஆகிவிட்டது. தொடங்கியபோது பிறந்த பிள்ளைக்கு முடிந்தபோது 28 வயது!

ஒரு சின்ன இடைச்செருகல். அதே 1883ல் ரஷ்யாவில் வசிலி டொகுசாயெவ் என்பவர் ரஷ்யக் கரிசல் மண்ணைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நவீன மண்ணியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். மண் என்பது வெறும் பொடிந்த பாறை அல்ல, பாறை, தட்பவெப்பம், உயிரினம், நில அமைப்பு, காலம் ஐந்தும் சேர்ந்து உருவாக்கும் தனிப்பொருள் என்பது அவர் கருத்து. புளியறை மண்ணைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சூத்திரம் கிடையாது. பழைய பாறை, இரண்டு பருவமழை, காட்டின் இலைதழை, மலைச்சரிவு, நீண்ட காலம், ஐந்தும் அங்கே இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் டொகுசாயெவும் அதே காலத்தில் நிழ்னி நோவ்கரோத் மாகாணத்தில் நிலவரி மதிப்பீட்டுக்காகத்தான் மண்ணை ஆய்ந்து கொண்டிருந்தார். உலகம் முழுக்க அரசாங்கங்கள் மண்ணைக் குனிந்து பார்த்தது வரிக்காகத்தான் போலிருக்கிறது.

கதையின் பெரிய திருப்பம் 1946ல் வருகிறது (கொல்லம் 1121). திருவிதாங்கூர் நிலவரிப் பிரகடனம். பழைய விதவிதமான வரிகளை எடுத்துவிட்டு, விளைச்சல் எவ்வளவு என்று பார்க்காமல், எல்லா நிலத்துக்கும் பரப்பைப் பொறுத்து ஒரே அடிப்படை வரி! களியா, இருமண்ணா, ரகம் ஒன்றா ஐந்தா என்ற கேள்வியே வரியில் இல்லாமல் போனது. சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம். நிர்வாகத்துக்கு இது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். தரம் பிரிக்க ஆள் வேண்டாம், அறுவடைச் சோதனை வேண்டாம், பரப்பைப் பெருக்கினால் வரி. ஏக்கர் முழு வெற்றி பெற்றது என்று சொல்லலாம். அந்த நேரத்தில் மலையில் ஒரு மொட்டைப் பாறைச் சரிவும் அடிவாரத்தில் ஒரு இருபோக வயலும் வரிக்குச் சமம்.

பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் 1955ல் ஒரு நிலவரிச் சட்டம் இயற்றியது. அதுவும் ஒரே விகிதம்தான். மறு வருடம் மாநிலமே மாறிவிட்டது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலச் சீரமைப்பில் கன்னியாகுமரிப் பகுதியோடு செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆரியங்காவு கேரளத்தில் நின்றுவிட்டது. புளியறை எல்லை ஊரானது இப்படித்தான்.

கேரளத்தில் அந்த ஒரே விகித வரி என்ன ஆனது? 1957ல் ஒரு திருத்தத்தின் மூலம் அது மலபாருக்கும் நீட்டிக்கப்பட்டது. ஏக்கருக்கு இரண்டு ரூபாய். மலபாரில் பெரிய காட்டு நிலம் வைத்திருந்த ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தன் காட்டிலிருந்து ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 3,100 ரூபாய், கேட்கும் வரி சுமார் 54,000 ரூபாய் என்பது அவர் முறையீடு. 1960 டிசம்பர் 9 அன்று தீர்ப்பு வந்தது. மூப்பில் நாயர் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நிலம் எதைத் தரும் என்று பார்க்காமல் பரப்பை மட்டும் பார்த்து வரி போடுவது சமத்துவம் அல்ல, சமமில்லாதவற்றைச் சமமாக நடத்துவது என்று கூறி நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்றது. ஐவரில் நீதிபதி சர்க்கார் மட்டும் ஒப்பவில்லை. வழக்குப் போட்டவர் ஏழை அல்ல, ஆயிரக்கணக்கான ஏக்கருக்குச் சொந்தக்காரர் என்பது வேறு விஷயம். ஆனாலும் தீர்ப்பின் உள்ளே இருக்கும் வாதம், நம்மூர் ஐந்து சென்ட் பொட்டல்காரருக்கும் பொருந்துகிற வாதம்தான். விதைப்பாடு சொன்னவர்களுக்கும், மடக்கு எழுதியவர்களுக்கும், கையில் பிசைந்து ரகம் போட்டவர்களுக்கும் தெரிந்ததை உச்ச நீதிமன்றமும் சொன்னது.

அதற்குள் புளியறை சென்னை மாநிலத்தில். இங்கே நிலக்கணக்கு ரயத்துவாரி, அங்கிருந்து வந்ததோ திருவிதாங்கூர்க் கணக்கு. இரண்டையும் பொருத்த ஒரு தனிச்சட்டமே தேவைப்பட்டது. 1964ஆம் ஆண்டின் 30ஆம் சட்டம், மாற்றப்பட்ட பகுதிகளின் ரயத்துவாரி செட்டில்மெண்ட் சட்டம். அது பொருந்தும் இடங்கள் கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும். தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்துக்காரரும் இந்தச் சட்டத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. நம் பக்கத்துப் பழைய நில வழக்கு எதையாவது புரட்டினால் இது தலைகாட்டும்.

1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில் ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது. பெயர்கள் மாறின, பட்டா எண்கள் மாறின. "மண் வயனமும் ரகமும்" கட்டம் மட்டும் போகவில்லை. இப்போது அரசின் இணையதளத்தில் அ-பதிவேட்டை எடுத்தாலும் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது. 2015ல் வந்த மண்வள அட்டையில் கார அமிலத் தன்மை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் ஆய்வகத்தில் பார்த்துப் போடுகிறார்கள். அதே வயலுக்கு வருவாய்த்துறைக் கணக்கில் பழைய எண்கள். இரண்டு துறையும் ஒரே மண்ணைப் பற்றித்தான் பேசுகின்றன, ஆனால் ஒன்றின் காகிதம் மற்றொன்றுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று. நெடுஞ்சாலை ஓரத்தில் தென்னந்தோப்பு மனையாகும்போது பதிவுத்துறை பார்ப்பது வழிகாட்டி மதிப்பு. அது சர்வே எண்ணுக்கும் தெருவுக்கும் போடுவது. மண் முதல் ரகமா ஐந்தாம் ரகமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நல்ல இருமண் என்பதால் ஒரு ரூபாய் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அஸ்திவாரம் தோண்டும் கொத்தனார் மட்டும் மண் இளக்கமாக இருக்கிறது, இன்னும் ஒரு அடி ஆழம் போக வேண்டும் என்பார்.